ஆலயத் திருவிழா அறிவிப்புக்குப் புதிய தரவு வடிவமா? முதலில் இணையத்தில் இருப்பதைப் பதிவு செய்யுங்கள்: முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தமிழர் அமைப்புகளுக்கு இணையப் பக்கம் செய்து தரும் இளைஞர்கள் நாலு பேர் கூடினால், ஒரு யோசனை தவறாமல் எழும். எல்லா ஆலயங்களும் திருவிழா அறிவிப்பை ஒரே தரவு வடிவத்தில், அதாவது கணினி படிக்கும்படி ஒரே ஒழுங்கில் வெளியிட்டால், ஒரே நாட்காட்டியில் எல்லாவற்றையும் பார்க்கலாமே என்பதுதான் அது. நல்ல யோசனை. ஆனால் மறுநாளே வடிவத்தை வரையத் தொடங்கிவிடுகிறார்கள். வரைந்து முடித்துக் கொண்டுபோனால், ஆலயச் செயலாளர் ஒரு முறை பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிடுகிறார். அவர் தினமும் எழுதும் அறிவிப்புக்கும் அந்த வடிவத்துக்கும் ஒட்டே இருப்பதில்லை.

வடிவத்தை வரைவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைக்கான வழிகாட்டி இது. மக்கள் இப்போது என்ன வெளியிடுகிறார்கள், எப்படி வெளியிடுகிறார்கள் என்று பார்த்துப் பதிவு செய்யும் வேலை. இதில் வரிசை முக்கியம். ஒரு படியைத் தாண்டிப் போனால் அடுத்த படியில் கிடைப்பதை நம்ப முடியாது. திருவிழா அறிவிப்பை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். தமிழ்ப்பள்ளி நிகழ்ச்சி, டியூஷன் வகுப்பு, இரங்கல் அறிவிப்பு என்று எதற்கும் இதே வரிசைதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு விரிதாள் போதும், கூகுள் ஷீட்ஸ் தாராளமாகப் போதும். தரவுத்தளம் வேண்டாம். தரவுத்தளம் அமைக்கும்போதே பத்திகளை (மேலிருந்து கீழாக வரும் நெடுவரிசைகளை) முடிவு செய்ய வேண்டியிருக்கும். எந்தப் பத்திகள் வேண்டும் என்பதோ இந்த வேலை முடிந்த பிறகுதான் தெரியும்.

பக்கங்களைச் சேமிக்க ஒரு கோப்புறை வேண்டும். அந்தந்த ஆண்டுக்கான பஞ்சாங்கமும் வேண்டும். அது எதற்கு என்று 5-ஆம் படியில் தெரியும்.

ஆள் இரண்டு பேராவது வேண்டும். ஒருவருக்கு எச்டிஎம்எல் மூலத்தை, அதாவது இணையப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் குறிகளைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொருவர் ஆலய வழக்கம் அறிந்தவராக இருக்க வேண்டும். சங்காபிஷேகமும் தீபாராதனையும் தனித்தனி நிகழ்ச்சிகளா, ஒன்றின் பகுதிகளா என்று நிரலாளர் ஊகிக்கக் கூடாது.

2. சிக்கலை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

அந்த வாக்கியத்தில் ‘வடிவம்’, ‘தரநிலை’ ஆகிய சொற்கள் வரக் கூடாது. “ஆலயங்களுக்குப் பொதுத் தரநிலை இல்லை” என்று எழுதினால், நீங்கள் விரும்பும் தீர்வையே சிக்கல் என்று எழுதிவிட்டீர்கள்.

இப்படி எழுதலாம்: “செந்தூலில் குடியிருக்கும் ஒருவர், இந்த வாரம் தன் வட்டாரத்து ஆலயங்களில் எங்கே, எப்போது, என்ன விழா என்று அறிய ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.” யாருக்குச் சிரமம், எங்கே சிரமம் என்று இதில் தெரிகிறது. வேலை முடிந்ததும், கிடைத்ததை இந்த வாக்கியத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அப்புறம் எல்லை. திருவிழா அறிவிப்பு என்றால் திருவிழா அறிவிப்பு மட்டும். நித்திய பூசை நேரம், திருமண மண்டப முன்பதிவு, நன்கொடைப் பட்டியல் எல்லாம் அதே பக்கத்தில்தான் இருக்கும். அவை வேறு வேலை. ஓரமாகக் குறித்து வைத்துக்கொண்டு நகருங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளினால், எந்த ஒன்றிலும் பொதுவான வழக்கம் எது என்று பிடிபடாது.

3. மாதிரிப் பக்கங்களைத் தேர்ந்தெடுங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். கூகுளில் தேடி முதலில் வரும் பக்கங்களை எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி வருபவை பெரும்பாலும் பெரிய ஆலயங்களின் பக்கங்கள். யாரோ ஒரு நிறுவனம் காசு வாங்கிக்கொண்டு செய்து கொடுத்தவை. அவற்றை மட்டும் பார்த்தால், எல்லாரும் ஒழுங்கான பக்கங்களில் எழுத்தாகவே வெளியிடுகிறார்கள் என்ற முடிவுக்கு வந்துவிடுவீர்கள். கம்பத்து (கிராமத்து) ஆலயத்தின் அறிவிப்பு ஃபேஸ்புக்கில் ஒரே ஒரு படமாகக் கிடக்கும். அது உங்கள் கண்ணில் படவே படாது.

அதனால் முதலில் வகைகளை எழுதிக்கொண்டு, ஒவ்வொரு வகையிலும் சிலவற்றைத் தேடிப் பிடியுங்கள்:

- சொந்த இணையதளம் உள்ள பெரிய ஆலயங்கள். கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள மகா மாரியம்மன் ஆலயம், பத்துமலை, பினாங்குத் தண்ணீர்மலை போன்று ஊரறிந்தவை.
- ஃபேஸ்புக் பக்கம் மட்டும் வைத்திருக்கும் நடுத்தர, சிறிய ஆலயங்கள்.
- அறிவிப்பைப் படமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ மட்டும் போடுபவை.
- தாங்கள் ஆலயம் இல்லாவிட்டாலும் ஆலய விழாக்களை அறிவிப்பவர்கள்: சங்கங்கள், இளைஞர் மன்றங்கள், தண்ணீர்ப் பந்தல் போடும் குழுக்கள்.

கடைசி வகையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தைப்பூசத்தின்போது பினாங்கில் ரதம் வரும் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள் நிற்கும். ஒவ்வொரு பந்தல் குழுவும் தன் பங்குக்கு நேரமும் இடமும் போட்டு அறிவிக்கும். ஒரே விழாவுக்குப் பல வெளியீட்டாளர்கள் உண்டு என்பது அங்கேதான் தெளிவாகத் தெரியும்.

காலத்தையும் பரப்பி எடுங்கள். தை மாதத்தில் மட்டும் சேகரித்தால், உங்கள் அட்டவணை முழுக்கத் தைப்பூசமாகவே இருக்கும். தைப்பூசம் சாதாரண விழா அல்ல. கோலாலம்பூரில் ரதம் ஓர் ஆலயத்திலிருந்து புறப்பட்டு நகரைத் தாண்டிப் பத்துமலைக்குப் போகிறது. அதற்கு ஓர் இடம், ஒரு நேரம் என்று சொல்ல முடியாது. மாசி மகம், பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமி, ஆடி வெள்ளி, நவராத்திரி, கார்த்திகை என்று ஆண்டு முழுவதும் தொட்டுப் போனால்தான் எது வழக்கம், எது விதிவிலக்கு என்று பிரித்துச் சொல்ல முடியும். ஓராண்டு காத்திருக்க முடியாதவர்கள், ஃபேஸ்புக் பக்கங்களில் கீழே நகர்த்திப் போய்ப் பழைய பதிவுகளை எடுக்கலாம். நீக்கப்பட்ட பக்கங்கள், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் சில சமயம் கிடைக்கும்.

உங்கள் சொந்த ஆலயத்தை மாதிரியில் சேர்த்தால், அதைத் தனியாகக் குறித்து வையுங்கள். அந்தப் பக்கத்தில் எழுதாததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது உங்களை அறியாமல் அட்டவணைக்குள் புகுந்துவிடும்.

4. பார்த்த அன்றே சேமியுங்கள்

இணைப்பை மட்டும் குறித்து வைத்தால் போதாது. திருவிழா முடிந்ததும் அறிவிப்பை எடுத்துவிடுவார்கள், அல்லது அதே பக்கத்தில் அடுத்த விழாவை ஏற்றிவிடுவார்கள். பிறகு யாராவது “இதை எங்கே பார்த்தீர்கள்?” என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

ஒவ்வொரு மாதிரிக்கும் நான்கு பொருள்கள் வேண்டும்: இணைப்பு, பார்த்த தேதி, திரைப்பிடிப்பு, பக்கத்தின் மூலக் கோப்பு. பொதுப் பக்கமாக இருந்தால் வேபேக் மெஷினிலும் ஒரு பிரதி சேமியுங்கள்.

பார்த்த தேதியை விடவே கூடாது. அறிவிப்பில் ஆண்டு எழுதாமல் இருக்கும்போது, அதுதான் கைகொடுக்கும்.

ஒரு கட்டுப்பாடு. அறிவிப்புகளில் செயற்குழுவினரின் பெயரும் கைத்தொலைபேசி எண்ணும் இருக்கும், உபயகாரர் குடும்பத்தின் பெயர் இருக்கும். நீங்கள் பிறருக்குக் காட்டப்போகும் பிரதியில் அவற்றை மறைத்துவிடுங்கள். ‘பெயர் உள்ளது’, ‘எண் உள்ளது’ என்று குறித்தால் ஆய்வுக்குப் போதும். மூடிய வாட்ஸ்அப் குழுவில் வந்ததைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

5. எழுத்துக்கு எழுத்து படியெடுங்கள்

இந்த வேலையின் உயிர் இந்தப் படிதான். நேரம் எடுத்துச் செய்யுங்கள்.

பக்கத்தில் உள்ளதை உள்ளபடி விரிதாளின் ஒரே கட்டத்தில் எழுதுங்கள். திருத்த வேண்டாம், ஒழுங்குபடுத்த வேண்டாம், ‘நிகழ்ச்சிப் பெயர்’, ‘தொடக்க நேரம்’ என்றெல்லாம் பெயரும் வைக்க வேண்டாம். பெயர் வைத்த நிமிடமே, பொருந்தாதது உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

ஒரு மாதிரி பார்ப்போம். எந்த ஆலயத்துக்கும் உரியதல்ல, வழக்கமான வரிகளைக் கொண்டு நானே எழுதியது:

ஆடிப்பூரத் திருவிழா
ஆகஸ்டு 7, புதன் (ஆடி 22)
காலை மணி 7.00 – கணபதி ஹோமம்
காலை மணி 10.30 – சங்காபிஷேகம்
மாலை மணி 6.30 – வளையல் அலங்காரம், தீபாராதனை
தொடர்ந்து அம்மன் திருவீதி உலா
இரவு அன்னதானம்
இன்றைய உபயம்: ஒரு குடும்பத்தின் பெயர்
பக்தர்கள் திரளாக வருக

இப்போது இதில் எது இருக்கிறது, எது இல்லை என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்.

ஆண்டு இல்லை. படிப்பவருக்கு அது தேவையில்லை, அவர் இந்த வாரம் படிக்கிறார். இயந்திரத்துக்கு அது கட்டாயம் தேவை. ஆனால் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் ஆகஸ்டு 7 புதன்கிழமையாக வந்தது 2019-இலும் 2024-இலும். 2019-இல் ஆடிப்பூரம் ஆகஸ்டு 3-ஆம் தேதியே வந்துவிட்டது. எனவே இது 2024. கிழமையும் நட்சத்திரமும் சேர்ந்து ஆண்டைச் சொல்லிவிடுகின்றன. பஞ்சாங்கம் கையில் வேண்டும் என்றது இதற்காகத்தான். கிழமை எதற்கு, தேதி இருந்தால் போதாதா என்று சில நிரலாளர்கள் அதை எறிந்துவிடுகிறார்கள். தேதியில் எழுத்துப் பிழை வந்தாலும் அதைக் காட்டிக்கொடுப்பது கிழமைதான்.

இடம் இல்லை. ஆலயத்தின் சொந்தப் பக்கம் என்பதால் யாரும் எழுதுவதில்லை. அதே படத்தை ஒரு சங்கம் தன் பக்கத்தில் பகிரும்போது, இடம் தொலைந்துபோகிறது.

‘தொடர்ந்து’ என்ற வரிக்குக் கடிகார நேரம் கிடையாது. தீபாராதனை முடிந்தால்தான் உலா. இதை நேரமாக மாற்ற முயலாதீர்கள். “மாலை 7.30 என்று வைத்துக்கொள்ளலாம்” என்று யாராவது எழுதினால், அது ஆலயம் வெளியிட்ட தகவல் அல்ல, அவருடைய கற்பனை. ‘முன் நிகழ்ச்சிக்குப் பின்’ என்று குறியுங்கள்.

‘இரவு’ என்பதற்கும் எண் இல்லை. ‘இரவு மணி 12.00’ என்று எண்ணோடு வந்தால் வேறொரு தொல்லை: அது அந்தத் தேதி தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா? ரதப் புறப்பாடு போன்று இரவில் நடக்கும் நிகழ்ச்சிகளில் இது பெரிய குழப்பம். ஒரு நாள் தள்ளி வந்து நிற்கும் பக்தரை நினைத்துப் பாருங்கள். ஐயம் இருந்தால் ‘தெளிவில்லை’ என்றே எழுதுங்கள். அந்தக் குறிப்புதான் பின்னால் உங்கள் முன்மொழிவின் வலுவான காரணமாக நிற்கும்.

‘இன்றைய உபயம்’ என்பதில் ‘இன்றைய’ முக்கியம். இது பல நாள் திருவிழாவின் ஒரு நாள். உபயம் அந்த நாளுக்கு உரியது, முழு விழாவுக்கு அல்ல. சில ஆலயங்களில் காலை உபயம், மாலை உபயம் என்று வேறு வேறு குடும்பங்கள் இருக்கும். அன்னதான உபயம் தனியாக வரும்.

இத்தனையும் ஒன்பது வரியில். படியெடுக்காமல் நேரே பத்திகளில் நிரப்பியிருந்தால், இவற்றில் பாதி நம் கையைவிட்டுப் போயிருக்கும்.

நட்சத்திரம், திதி பற்றி இன்னொன்று. திதி முடியும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றுதான், கடிகாரம்தான் வேறு. மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தில் இரவு 10.30-க்குத் தொடங்கும் திதிக்கு இங்கே மறுநாள் அதிகாலை மணி 1.00 ஆகிவிடும். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் தரும் நேரங்களும் ஒன்றாக இருப்பதில்லை. எனவே ஓர் அறிவிப்பில் திதி நேரம் இருந்தால், எந்தப் பஞ்சாங்கம், எந்த ஊர் நேரம் என்று எழுதியிருக்கிறார்களா என்பதையும் குறியுங்கள். இரண்டு ஆலயங்கள் ஒரே விழாவை அடுத்தடுத்த நாள்களில் கொண்டாடினால், ஒன்றைப் பிழை என்று திருத்திவிடாதீர்கள். இரண்டும் சரியாக இருக்கலாம்.

6. வரிசைகளிலிருந்து பத்திகளை எடுங்கள்

இப்போதுதான் பத்திகள். ஒரு மாதிரிக்கு ஒரு வரிசை. படியெடுத்த உரையைப் படித்துக்கொண்டே போங்கள். புதிதாக ஒரு தகவல் தென்பட்டால் ஒரு பத்தியைச் சேருங்கள். கட்டத்தில் வெறும் ‘ஆம்’ போடாமல், அவர்கள் எழுதிய அதே சொற்களை இடுங்கள்.

அதே மாதிரிகள் சிலவற்றை இருவரும் தனித்தனியே பத்திகளாகப் பிரித்துப் பார்த்து ஒப்பிடுங்கள். இருவருக்கும் பத்திகள் வேறாக வந்தால், அந்தத் தகவலுக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது. பேசித் தீர்த்த பின் அடுத்ததற்குப் போங்கள்.

எண்ணுவதற்கு முன் எழுத்தைச் சமன் செய்யுங்கள். ‘பூசை’, ‘பூஜை’ இரண்டும் வரும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் எழுத்தும் உள்ளே வேறாக இருக்கும்: ‘கொ’ என்பதில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் சேர்த்து இரண்டு குறிகளாகவும் எழுதலாம். யூனிகோடு இயல்பாக்கம் (இரண்டையும் ஒரே முறைக்குக் கொண்டுவருவது) செய்யாமல் எண்ணினால், ஒரே சொல் இரண்டாகக் கணக்கில் ஏறும். பழைய பக்கங்களும் அச்சகத்துப் பிடிஎஃப் கோப்புகளும் பாமினி, டிஸ்கி போன்ற பழைய குறியாக்கத்தில் இருக்கலாம். அவற்றிலிருந்து நகலெடுத்தால் ரோமன் எழுத்துக் குப்பைதான் வரும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதாகக் குறித்து வையுங்கள். மூலத்தைத் தொடாதீர்கள்.

இதையெல்லாம் முடித்தபின் எண்ணுங்கள். எந்தத் தகவல் எத்தனை வரிசையில் இருக்கிறது? பெரும்பாலானவற்றில் இருப்பவை ஒரு பக்கம், எங்கோ ஒன்றிரண்டில் இருப்பவை இன்னொரு பக்கம். இணையப் பக்கத்தில் தெரியும் உரையையே அடையாளமிடும் வடிவங்களை உருவாக்கும் மைக்ரோஃபார்மேட்ஸ் குழுவினர் 80-க்கு 20 என்று சொல்வார்கள்: பெரும்பாலோர் ஏற்கெனவே வெளியிடுவதைத் தாங்கினால் போதும், மீதிக்காக வடிவத்தைச் சிக்கலாக்க வேண்டாம். எண்ணிக்கையின் பலம் பெரிது. 2005 டிசம்பரில் கூகுளில் இருந்த இயன் ஹிக்சன் நூறு கோடிக்கும் சற்று அதிகமான ஆவணங்களில் மக்கள் பக்கத்தின் பகுதிகளுக்கு மூலத்தில் என்னென்ன கிளாஸ் பெயர்களை இடுகிறார்கள் என்று பார்த்தார். ஃபூட்டர் (அடிப்பகுதி) முன்னணியில் இருந்தது. ஹெடர் (தலைப்பகுதி), நாவ் (வழிகாட்டிப் பட்டி) ஆகியவையும் பட்டியலில் மேலே இருந்தன. எச்டிஎம்எல்5-இல் அந்தப் பெயர்களிலேயே உறுப்புகள் வந்தன.

வகைவாரியாகவும் எண்ணுங்கள். மொத்தக் கணக்கில் ‘முகவரி பாதிக்குப் பாதி’ என்று வருவது, பிரித்துப் பார்த்தால் ‘இணையதளங்களில் எப்போதும் உண்டு, ஃபேஸ்புக் படங்களில் கிட்டத்தட்ட இல்லை’ என்று மாறலாம். இரண்டாவது வாக்கியத்தை வைத்துத்தான் ஏதாவது செய்ய முடியும்.

7. மூலத்தையும் திறந்து பாருங்கள்

கண்ணுக்குத் தெரிவது பாதிதான். அதே தகவல் மூலத்தில் அட்டவணையாக இருக்கிறதா, தொடர் உரையாக இருக்கிறதா, படத்துக்குள் அடைபட்டிருக்கிறதா? படமென்றால் மாற்று உரை எழுதியிருக்கிறார்களா? ஒவ்வொன்றையும் குறியுங்கள்.

வேர்ட்பிரஸ் தளங்களில் நாட்காட்டிச் செருகுநிரல் இருந்தால், தேடுபொறிகள் படிப்பதற்கான ஸ்கீமா.ஆர்க் சொற்களில் ஜேசன்-எல்டி தரவு (பக்கத்தில் தெரியாமல் மூலத்துக்குள் இருக்கும் தரவு) தானாகவே உருவாகியிருக்கலாம். தளம் நடத்துபவருக்கே அது தெரியாது. அதையும் படியெடுத்து, கண்ணுக்குத் தெரியும் உரையோடு ஒப்பிடுங்கள். தளத்தின் நேர மண்டலத்தை யாரும் மாற்றாமல் விட்டிருந்தால், மாலை மணி 6.30 என்று பக்கத்தில் தெரியும் விழா, மறைந்திருக்கும் தரவில் கிரீன்விச் நேரத்து 6.30 ஆக இருக்கும். அதை எடுத்துக்கொள்ளும் கைத்தொலைபேசி நாட்காட்டி, மறுநாள் அதிகாலை மணி 2.30 என்று காட்டும். மனிதர் பார்க்காத தரவில் பிழை நின்றுவிடும், திருத்த ஆளிருக்காது. கண்ணில் படும் உரையையே அடையாளமிடும் வழியை நான் விரும்புவதற்கு இதுவே காரணம்.

8. வெளியிடுபவரோடு உட்காருங்கள்

இந்தப் படியை முதலில் வைத்தால், அவர் சொல்வதைச் சரிபார்க்க உங்களிடம் எதுவும் இருக்காது. அட்டவணையோடு போனால், “இந்த வரியை ஏன் இப்படி எழுதுகிறீர்கள்?” என்று தொட்டுக் கேட்கலாம்.

“புதுசா ஒரு வசதி வந்தா பயன்படுத்துவீங்களா?” என்று கேட்காதீர்கள். மரியாதைக்காக எல்லாரும் ‘ஆமாம்’ என்றுதான் சொல்வார்கள். போன தடவை செய்ததைக் காட்டச் சொல்லுங்கள். பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்:

“அண்ணே, போன திருவிழாவுக்கு எப்படிப் போட்டீங்க? கொஞ்சம் காட்டுங்களேன்.”

“அச்சகத்துல இருந்து படம் வரும் தம்பி. அத வாட்ஸ்அப்புல போட்டுட்டு, அப்புறம் ஃபேஸ்புக்குல ஏத்திடுவோம். நேரம் மாறிச்சின்னா அந்தப் படத்து மேலயே சிவப்புல எழுதி மறுபடி அனுப்புவோம்.”

இதில் கவனிக்க வேண்டியவை பல. உரையை முதலில் தட்டச்சு செய்தவர் அச்சகத்தில் இருக்கிறார். அறிவிப்பு பிறக்கும் இடம் அதுதான், இணையப் பக்கம் கடைசி நிறுத்தம். திருத்தம் வரும்போது பழைய படமும் புதிய படமும் சேர்ந்தே உலவும், எது புதியது என்று சொல்ல சிவப்பு மையைத் தவிர வேறு அடையாளம் கிடையாது. உங்கள் வடிவம் பக்கத்தின் மூலத்தில்தான் எழுதப்பட வேண்டும் என்றால், இவருக்கு அது எட்டாது. கையெழுத்தில் அச்சகத்துக்குப் போன தாளைக் காட்டச் சொல்லுங்கள். பல சமயம் படத்தைவிட அதில் தகவல் அதிகம் இருக்கும்.

9. இருக்கும் வடிவங்களை இப்போது படியுங்கள்

இதை ஏன் இவ்வளவு தள்ளி வைத்தோம்? முதலில் படித்தால், ஒவ்வொரு பக்கத்தையும் அந்த வடிவத்தின் பெட்டிகளில் போட்டுத்தான் பார்ப்பீர்கள். இப்போது உங்கள் பத்திகள் தயார். ஒவ்வொரு பத்தியாக எடுத்து, ‘தாங்கும்’, ‘ஓரளவு தாங்கும்’, ‘தாங்காது’ என்று எழுதுங்கள்.

குறைந்தது இரண்டைப் பார்க்க வேண்டும்: ஐகேலண்டர், ஸ்கீமா.ஆர்க்கின் ஈவென்ட் வகை. ஐகேலண்டர் நாட்காட்டித் தகவலைப் பரிமாறும் வடிவம். அதன் நடப்பு வரையறை 2009-இல் வந்த ஆர்எஃப்சி 5545 (ஆர்எஃப்சி என்பது இணைய வரையறைகளை வெளியிடும் எண்ணிட்ட ஆவண வரிசை). கைத்தொலைபேசி நாட்காட்டிகள் அதைப் படிக்கும். ஸ்கீமா.ஆர்க் 2011-இல் தேடுபொறி நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கியது.

நம் ஆடிப்பூர மாதிரியை வைத்துப் பாருங்கள். பல நாள் விழாவுக்குள் ஒரு நாள், அதற்குள் ஒவ்வொரு நிகழ்ச்சி என்று அடுக்குவதற்கு ஸ்கீமாவில் சூப்பர்ஈவென்ட், சப்ஈவென்ட் உண்டு. உபயத்துக்கு ஸ்பான்சர் என்ற பண்பு (ஒரு தகவலுக்கென்று பெயரிட்ட இடம்) பெருமளவு பொருந்தும். அதை அந்தந்த நாளின் சப்ஈவென்ட்டில் வைத்தால் ‘இன்றைய உபயம்’ சரியாக உட்காரும். தள்ளிவைப்பு, ரத்து ஆகியவற்றுக்கு ஈவென்ட்ஸ்டேட்டஸ் உண்டு. பழைய தேதியை வைக்கவும் தனிப் பண்பு இருக்கிறது.

‘தொடர்ந்து உலா’ என்பதற்கு வழியே இல்லை என்று தோன்றும். ஆனால் 2022-இல் வந்த ஆர்எஃப்சி 9253, ஒன்று முடிந்தால்தான் மற்றொன்று தொடங்கும் என்னும் உறவை ஐகேலண்டரில் சேர்த்திருக்கிறது. தேடாமல் புதிதாக ஒன்றை உருவாக்கியிருந்தால் அது வீண் வேலையாகியிருக்கும்.

திதி, நட்சத்திரம் கதை வேறு. கிரிகோரியன் அல்லாத நாட்காட்டிகளில் ஆண்டுதோறும் திரும்பி வரும் நாள்களுக்காக 2015-இல் ஆர்எஃப்சி 7529 வந்தது. அது சார்ந்திருக்கும் நாட்காட்டிப் பட்டியலில் சீனம், எபிரேயம் போன்றவை இருக்கின்றன. ‘இந்தியன்’ என்ற பெயரிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் அது இந்திய அரசின் சக ஆண்டு நாட்காட்டி. ஆடி மாதத்துப் பூரம் என்று அதில் சொல்ல முடியாது. பெயரைப் பார்த்ததும் ‘தாங்கும்’ என்று குறித்துவிடுபவர்கள் உண்டு. உள்ளே போய்ப் பாருங்கள்.

10. எஞ்சியதை மட்டும் முன்மொழியுங்கள்

‘தாங்காது’ என்ற பத்திகளை எடுங்கள். அவற்றில் பெரும்பாலான மாதிரிகளில் காணப்பட்டவை எவை? அவை மட்டும்தான் உங்கள் முன்மொழிவு. ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் புதிய வடிவம் வேண்டாம். இருக்கும் வடிவத்தை ஆலய அறிவிப்புக்கு எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதினால் போதும். ஊருக்கு அதுவே அதிகம் உதவும்.

முன்மொழியும் ஒவ்வொரு பண்புக்கும் கீழே, அதைத் தாங்கும் மாதிரி வரிசைகளின் எண்களை எழுதுங்கள். எண் எழுத முடியாத பண்பை அடித்துவிடுங்கள். “பின்னால் தேவைப்படும்” என்று யாராவது சொன்னால், பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். வெளியே போன பண்பைத் திரும்ப எடுப்பது கடினம், புதிதாகச் சேர்ப்பது எளிது.

அறிக்கையில் பார்த்ததும் கருத்தும் கலக்கக் கூடாது. ‘சிறிய ஆலயங்களின் அறிவிப்புகளில் ஆண்டு பெரும்பாலும் இல்லை’ என்பது பார்த்தது. ‘ஆண்டைக் கட்டாயமாக்க வேண்டும்’ என்பது உங்கள் கருத்து. தனித்தனிப் பகுதிகளில் வைத்தால், உங்கள் கருத்தை ஏற்காதவரும் உங்கள் பதிவைப் பயன்படுத்திக்கொள்வார். பெயர்களும் தொலைபேசி எண்களும் மறைக்கப்பட்ட அட்டவணையையும் சேர்த்தே வெளியிடுங்கள். முடிவை மட்டும் கொடுத்தால் யாராலும் சரிபார்க்க முடியாது.

11. பார்க்காத பக்கங்களில் சோதியுங்கள்

மாதிரியில் இல்லாத சில அறிவிப்புகளைத் தேர்ந்தெடுங்கள். பட்டர்வொர்த் பக்கமோ ஈப்போ சாலைப் பக்கமோ, நீங்கள் இதுவரை தொடாத வட்டாரமாக இருக்கட்டும். இந்த வேலையில் கலந்துகொள்ளாத ஒருவரிடம் கொடுத்து, உங்கள் குறிப்பை மட்டும் வைத்துக் கையால் நிரப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் வாய் திறக்காதீர்கள்.

அவர் எங்கே நின்று யோசிக்கிறாரோ, அங்கே உங்கள் குறிப்பு தெளிவாக இல்லை. எங்கே ஊகித்து நிரப்புகிறாரோ, அங்கே நீங்கள் கட்டாயமாக்கிய பண்பு உண்மையில் வெளியிடப்படுவதில்லை. அதைக் கட்டாயத்திலிருந்து எடுத்துவிடுங்கள். எங்கே “இத எங்க போடறது?” என்று கேட்கிறாரோ, அந்த வரியை அப்படியே அட்டவணையில் புதிய வரிசையாகச் சேர்த்து 6-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

சோதனையில் தேறிய பின், நிரப்பிய தரவை நாட்காட்டியாக மாற்றி, 8-ஆம் படியில் பேசிய செயலாளரின் கைத்தொலைபேசியிலேயே திறந்து காட்டுங்கள். தேதி, நேரம், உபயம் மூன்றையும் அவர் தன் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அவர் கைவைத்துத் திருத்தும் இடங்களையும் குறித்துக்கொண்டு, அதன்பிறகு முன்மொழிவை வெளியே அனுப்புங்கள்.